சலீம் நானாவின் கடைக்குக் கீழே ஓடும் தண்ணீர்

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் சலீம் நானாவின் மகன் தொலைபேசியில் அழைத்தார். "வாப்பா மௌத்தாயிட்டார், டீச்சர்" என்றார். அன்றே நல்லடக்கம். மையவாடியில் தோண்டிய குழியில் தண்ணீர் ஊறி, வாளியால் இறைத்த பிறகுதான் அவரைக் கிடத்தினார்களாம். அதைக் கேட்டபோது அழுகையைவிடப் பயம்தான் எனக்கு முதலில் வந்தது.

முல்லைத்தீவுக் கடைத்தெருவில் அவருடைய இரும்புக்கடையை அறியாதவர்கள் குறைவு. யுத்தகாலத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டுப் போயிருந்த புத்தளத்திலிருந்து திரும்பி வந்தபோது பழைய காணி கைக்கு வரவில்லை. ஊர் ஓடையைக் கொங்கிறீற்றால் மூடியிருந்த இடத்தில் கடை போட்டார். கடைத் தரையில் ஒரு சதுர மூடி இருந்தது. மாரி வந்தால் அலவாங்கு என்னும் கனத்த இரும்புக் கம்பியால் அதை நெம்பிக் கிளப்பி, கீழே தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். ஆணி வாங்க வந்தவர்களும் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்ப்பார்கள்.

ஓடையை மறுபடி திறக்கலாமா என்று பேசக் குழு அமைத்தபோது நானும் அவரும் எதிரெதிர்ப் பக்கம். என் வீடு மேலே குளத்தடியில். குளம் நிரம்பி வான் பாய்ந்தால் வெள்ளம் போக வழியில்லாமல் எங்கள் குசினிகளுக்குள் அடுப்புவரை நிற்கும். ஓடையைத் திறந்தால் வெள்ளம் வடியும், நுளம்புக்கடி குறையும். ஆனால் அவருடைய கடையோடு அந்த வரிசையே போய்விடும். நான் காரசாரமாகப் பேசி முடித்ததும் நானா சிரித்தார். "என்ர கடை நிண்டா உங்கட வீடு நனையும். உங்கட வீடு காஞ்சா என்ர கடை போகும். இதில ஆரில பிழை, டீச்சர்?" என்றார். அது உண்மை என்பதால் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அடுத்த நாள் அவரே என்னைக் கூட்டிக்கொண்டு ஓடையோரமாக, அது போய் விழும் கடலோரக் களப்புவரை நடந்தார். ஓடையின் வாய் மண் மேடிட்டுக் கிடந்தது. அதை ஒட்டி மீன்பிடிக் குடும்பங்களின் வீடுகள். எங்கள் கூட்டத்துக்கு அவர்களை ஒருவரும் கூப்பிட்டிருக்கவில்லை. சாந்தி என்ற பெண் வலையை உதறியபடி, "மேல திறந்துவிட்டா தண்ணி எங்களிட்ட எப்ப வந்து சேரும்?" என்று கேட்டார். நான் வாயை அடைத்த மண்மேட்டைப் பார்த்தேன். நானா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு நின்றார்.

பிந்திய கூட்டத்தில் நானா எழுந்து, திறக்கத்தான் வேண்டும் என்றார். கடைக்காரர்கள் திகைத்துப்போனார்கள். "ஆனா கீழயிருந்து துவங்குங்கோ. அந்தச் சனத்துக்கு மேட்டில இடம் குடுத்திட்டு வாயை அகலமாக்குங்கோ. பிறகு என்ர கடையை உடையுங்கோ. குளத்தடி கடைசியா" என்றார். கடையைக் கொஞ்சக் காலமாவது காப்பாற்ற அவர் போடும் கணக்கு இது என்று பலர் முணுமுணுத்தார்கள்.

வேலை மேலிருந்தே தொடங்கியது. எங்கள் பக்கம் ஓடையை அகலமாக வெட்டி, கரையில் மரக்கன்றும் நட்டாகிவிட்டது. கடைத்தெருவில் பழைய ஒடுங்கிய ஓடை அப்படியே இருக்கிறது, களப்பு வாயில் மண்ணும் அப்படியே. முன்பு எங்கள் முற்றங்களில் தேங்கிய மழையெல்லாம் இப்போது ஒரே ஓட்டமாகக் கடைத்தெருவுக்குக் கீழே போகிறது. இந்த மாரியில் என் முற்றம் காய்ந்து கிடக்கிறது. அதைப் பார்க்க எனக்கு மனம் கூசுகிறது.

கடைசியாக அவரைக் கண்டபோது மூடியருகே குந்தியிருந்து காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "சத்தம் மாறிட்டுது, டீச்சர்" என்றார். தேத்தண்ணி குடிக்கச் சொன்னார்.

நானாவை அறிந்தவர்களே, நல்ல மனிதர் என்று சொல்லிக் கலைந்துவிடாதீர்கள். அவர் சொன்னது இன்னும் முடியவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, கடைச் சாவியையும் அலவாங்கையும் மகன் என்னிடம் தந்திருக்கிறார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இந்த அலவாங்கும், எதைத் தொடங்கினாலும் கீழே இருப்பவர்களை முதலில் நினைக்கும் பழக்கமும்தான்.

குளம் வான் பாய இன்னும் ஒரு சாண் இருக்கிறதாம். இன்று காலை கடையைத் திறந்து, மூடியருகே போனேன். அலவாங்கை வைக்கமுன்னரே மூடி தானாக அசைந்தது. உடனே சாந்திக்குத் தொலைபேசி எடுத்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போகச் சொன்னேன். தண்ணீர் எப்போது வரும் என்று அன்று கேட்டதையே திரும்பக் கேட்டார்.

"எப்ப எண்டு தெரியாது. வரும்" என்றேன்.