தட்டு வங்கியின் முதல் பந்தி

அந்தத் தெருவில் அவளை அவசரம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ஒரு பிரதி போதும் என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் நான்கு எடுத்துக் கையில் திணித்துவிடுவாள். எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரிதான் ஓட்டம். அவளுடைய கணவர் பேருந்து ஓட்டுநர், நிதானத்துக்குப் பேர்போனவர். இந்த ஜோடியை யார் சேர்த்துவைத்தார்களோ, நல்ல நகைச்சுவை உணர்வு உள்ளவர்கள்.

கடைக்கு எதிரே கல்யாண மண்டபம். ஒவ்வொரு விருந்து முடிந்ததும் எச்சில் காகிதத் தட்டுகள் சாக்கடையை அடைத்துக்கொள்ளும். ஒரு மழைநாளில் அந்தத் தண்ணீர் கடைக்குள்ளேயே ஏறிவிட்டது. பக்கத்துக் கடைத் தையல்காரம்மாவும் அவளும் மூக்கைப் பொத்திக்கொண்டு கம்பியால் குத்திக் குத்தி எடுத்தார்கள். வந்ததெல்லாம் தட்டு. மேலே பிளாஸ்டிக் பூச்சு, மக்கித் தொலைக்கவும் செய்யாது.

"அக்கா, நம்ம எல்லார் வீட்டுப் பரண்லயும் எவர்சில்வர் தட்டு சும்மாதானே தூங்குது? மொத்தமா சேர்த்து ஒரு இடத்துல வச்சா, விசேஷம் நடத்தறவங்க எடுத்துட்டுப் போய்த் திருப்பித் தரலாமே?" என்றாள் அவசரம், கையில் சாக்கடைக் கம்பியோடு.

"முதல் விசேஷம் என் பொண்ணு கல்யாணம்," என்றாள் தையல்காரம்மா. அவ்வளவுதான் யோசனை. ஒரே மகள், ஒரே கல்யாணம். அதைத் தூக்கி இவள் கையில் கொடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவசரத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கினாள். பரணிலிருந்து தட்டுகள் தூசியோடு இறங்கின. "இது என் கல்யாணத்துக்கு வந்தது. பேரன் பிறந்தாச்சு, இன்னும் அட்டைப்பெட்டியே பிரிக்கல!" என்று ஒரு வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாடிவீட்டுக்காரரின் முகத்தையே பார்த்திராத கீழ்வீட்டுக்காரர் அவருக்கு ஏணி பிடித்தார். ஜெராக்ஸ் கடையில் மனிதர் நிற்க இடமில்லாமல் தட்டு நின்றது.

"உனக்கு எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை?" என்று கணவர் கேட்டார். கேட்கும்போது அவர் தோளிலும் ஒரு மூட்டை இருந்தது.

மண்டபத்து மேனேஜருக்கு மட்டும் முகம் கடுகடுத்தது. "கட்டுக் கட்டா காகிதத் தட்டு ரெடியா வச்சிருப்பேன். ஒரு குளறுபடி வந்தாலும் பிரிச்சிடுவேன். அப்புறம் பாத்திரமும் கையுமா இந்த வாசப்படி ஏறக்கூடாது, சொல்லிட்டேன்."

கல்யாணத்தன்று முதல் பந்தி ஜோராக நடந்தது. பளபளவென்று வரிசையாகத் தட்டுகள்! அவசரம் வாயெல்லாம் பல்லாகப் பந்திக்கு நடுவே பறந்துகொண்டிருந்தாள். சாப்பிட்டவர்கள் எழுந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் இரண்டாம் பந்திக்கு உட்கார்ந்தார்கள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சேர்த்த தட்டெல்லாம் ஒரு பந்திக்குத்தான் சரி. ஊரெல்லாம் அலைந்து தட்டுச் சேர்த்த மகராசி, அவற்றைக் கழுவ ஒரு ஆள்கூடச் சொல்லவில்லை!

"உட்கார வச்சுட்டா போதுமா? தட்டு எங்கே?" என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா, மண்டபமே கேட்கும்படி. மேனேஜர் கத்தரிக்கோலோடு கட்டுகளின் பக்கம் போனார். தையல்காரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. சம்பந்திகள் முன்னால் இப்படி ஒரு தலைகுனிவு, அதுவும் தன்னால் என்று அவசரம் முன்னால் பாய்ந்தாள்.

"கொஞ்சம் பொறுங்க சார்!" என்று கத்தினாள். வாழ்நாளில் அவள் யாரிடமும் சொல்லியிராத வார்த்தை அது.

பின்கட்டுக்கு ஓடினாள். கணவர் ஏற்கெனவே கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு குழாயடியில் தேய்த்துக்கொண்டிருந்தார், அவருடைய வழக்கமான வேகத்தில். அந்த வேகத்துக்கு இரண்டாம் பந்தி மறுநாள்தான் சாப்பிடும். திரும்பி ஓடிவந்து, சாப்பிட்டு எழுந்தவர்களின் நடுவே நின்றாள்.

"தப்பு என்னோடது. கழுவ ஆள் சொல்ல மறந்துட்டேன். நீங்க சாப்பிட்ட தட்டை நீங்களே கழுவிக் கொடுத்தா அவங்க சாப்பிடலாம். கொடுப்பீங்களா?"

ஒருவரும் அசையவில்லை. கல்யாணப் பட்டு உடுத்தி வந்தவர்கள் பாத்திரம் தேய்ப்பார்களா? மேடையில் யாரோ சிரித்தார்கள். மணப்பெண்தான். கீழே இறங்கி வந்து, முதல் பந்தியில் சாப்பிட்ட தன் தட்டையும் மாப்பிள்ளையின் தட்டையும் எடுத்துக்கொண்டாள். "என்னோடத நீ ஏன் கழுவணும்?" என்று மாப்பிள்ளை பிடுங்க, இருவரும் குழாயடிக்குப் போனார்கள்.

பிறகு பார்க்கவேண்டுமே! நகைக்கடைக்காரர் சட்டைக் கையைச் சுருட்டினார். யாரோ இன்னொரு குழாய்க்கு ரப்பர் குழாய் மாட்டினார். குழாயடியிலிருந்து பந்திவரை கைமாறிக் கைமாறித் தட்டு போனது. போட்டோக்காரர் மேடையை விட்டுவிட்டு நுரைக்கு நடுவே நின்று சுட்டுத் தள்ளினார். கத்திய சித்தப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து, "ஈரத்தோட வைக்காதீங்கப்பா, இங்க கொடுங்க," என்று துடைக்க ஆரம்பித்தார்.

மேனேஜருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பெண்ணின் அம்மாவிடம் போய், "கட்டைப் பிரிக்கவா, வேண்டாமாம்மா?" என்றார்.

தையல்காரம்மா தட்டு வரிசையில் அவசரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என்னை ஏன் கேக்கறீங்க? அவளைக் கேளுங்க. பந்தி அவளோடது."

அவசரத்துக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைக்க நேரமில்லை. "அக்கா, பேச்சு அப்புறம்! அடுத்த தட்டு!" என்று கையை நீட்டினாள்.