எலும்புப் பூண்

செந்தூல் ரயில்வே பட்டறையில் பதினெட்டு வருடம் லேத்தில் நின்றவர் இருதயம். பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்ததும் வெள்ளைக்காரர்களின் கிளப்புக்குப் போய் பில்லியர்ட்ஸ் கோல்களைப் பழுது பார்ப்பார். கோலின் நுனி மரம் பிளக்காமல் இருக்க அங்கே ஒரு பூண் போடுவார்கள். அதன் தலையில்தான் பந்தைத் தொடும் தோல் உட்காரும். அந்தப் பூணைத் தந்தத்தில் கடைந்து, விரல் ஓட்டினால் இணைப்பு தட்டாதபடி பொருத்தத் தன்னை விட்டால் கோலாலம்பூரில் ஆள் இல்லை என்று நம்பியிருந்தார். மற்றவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஜப்பான்காரர்கள் வந்து கிளப்பைத் தங்கள் அதிகாரிகளுக்கு எடுத்துக்கொண்டபோது அவரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். பின்கட்டில் காலால் மிதிக்கும் சின்ன லேத் ஒன்று இருந்தது. 1943இல் தந்தம் தீர்ந்தது. இருதயம் பித்தளையில் பூண் செய்தார். அளவு மயிரிழை பிசகவில்லை. ஆனால் கிளப்புக்குப் பொறுப்பாயிருந்த ஜப்பான் கேப்டன் இரண்டு அடி அடித்துப் பார்த்துவிட்டு, முன்பக்கம் கனக்கிறது, தகரச் சத்தம் வருகிறது என்று கோலை மேசைமேல் எறிந்தான்.

மறுவாரம் மைதீன் வந்து சேர்ந்தான். மஸ்ஜித் இந்தியா பக்கம் தையல்காரர்களுக்கு எலும்பில் பொத்தான் கடைந்து கொடுத்தவன். முப்பது வயதுகூட இருக்காது. மாட்டுக் கால் எலும்பைக் கொழுப்புப் போக வேகவைத்து, காயவைத்து, துண்டு போட்டு, நடுவில் துளையிட்டு, சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் விட்டுக் கடைந்தான். முடித்த பூண் குழந்தையின் பால்பல் போல இருந்தது. கேப்டன் அதைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தான்.

“பாகுஸ்!” என்று மலாயில் மெச்சினான். “பாகுஸ், பாகுஸ்!”

ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்த நாளில் மைதீனுக்கு ஒரு பை அரிசி கிடைத்தது. அதில் பாதியை அவன் இருதயத்தின் வீட்டில் கொண்டுவந்து வைத்தான். இருதயத்தின் மனைவி செசிலியா சோறு வடித்துப் போட்டாள்.

“அந்த பாய்க்கு நல்ல மனசுலா” என்றாள். “கைவேலையும் ரொம்ப சுத்தமாம்.”

“உனக்கு யார் சொன்னா?”

“நீங்கதான் நேத்து சொன்னீங்க.”

எப்போது சொன்னோம் என்று இருதயத்துக்கு நினைவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். பிறகு ஒவ்வொரு நாளும் மைதீன் முடித்து வைத்த கோல்களை, அவன் தொழப்போன நேரம் பார்த்து எடுத்து, இணைப்பில் நகத்தை வைத்துச் சுரண்டிப் பார்த்தார். ஒரு பிசிறாவது தட்டாதா என்றிருந்தது. தட்டவில்லை.

கிள்ளானிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் விளையாட வருவதாக இருந்தது. கேப்டன் தன் கோலுக்குப் புதுமாதிரிப் பூண் கேட்டான்: துளை மேல்வரை வராமல், சிமிழ்மூடி போலத் தலை மூடியிருக்க வேண்டும். மைதீன் அதுவரை இரு பக்கமும் திறந்த பூண்தான் போட்டிருந்தான்.

“அண்ணே, மேல மூடியிருந்தா உள்ள இருக்கிற வச்சிரப் பசை எங்க போவும்? வெடிச்சிராதா?” என்று கேட்டான்.

மரத்தின் முனையை முளையாகக் கடைந்து, அதன் ஒரு பக்கத்தில் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் மிஞ்சிய பசை அந்த வழியே வெளியேறும். வெள்ளைக்காரர் காலத்திலேயே இருதயம் நூறு முறை செய்தது.

“ஒண்ணும் ஆவாது” என்றார். “முளை நல்லா இறுக்கமா இருக்கணும். அவ்ளோதான்.”

பந்தயத்தன்று கேப்டனின் நாலாவது அடியில் பூண் நீளவாக்கில் பிளந்தது. முனை சறுக்கிப் பச்சைத் துணியை ஒரு சாண் கிழித்தது. விருந்தாளி சிரித்தார். கேப்டன் மைதீனைக் கன்னத்தில் மாறி மாறி அறைந்து, சரளைக்கல்லில் முட்டிபோட வைத்தான். வெயில் கொளுத்தியது.

“யார் சொல்லி இப்படிச் செய்தாய்?” என்று மொழிபெயர்ப்பாளர் மலாயில் கேட்டார்.

மைதீன் தலையைத் தூக்கவில்லை. “யாரும் சொல்லல. என் தப்புதான்.”

மனசு குளிரும் என்றுதான் இருதயம் நினைத்திருந்தார். குளிரவில்லை. அவன் தன்னைக் காட்டிக் கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இந்தப் பெருந்தன்மையும் அவனுக்கேதானா என்று பொறாமை இன்னும் மூண்டது.

மறுநாள் சாயங்காலத்துக்குள் அதே பூண் வேண்டும், இருதயம் செய்யட்டும் என்று உத்தரவு வந்தது. காலையில் மூன்று எலும்புத் துண்டுகளை எடுத்தார். முதலாவது கருகி நாறியது. மற்ற இரண்டும் துளையிடும்போதே உடைந்தன. பத்து மணிக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு மைதீன் வீட்டுக்குப் போனார். அவன் மனைவி ரம்லத் கதவைத் திறந்தாள். உள்ளே அவன் முகம் வீங்கி, முட்டியில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தான்.

“முளையில அரம் போட்டுப் பசைக்கு வழி விடணும்” என்றார் இருதயம், நின்றபடியே. “அன்னைக்கே எனக்குத் தெரியும். வேணும்னேதான் சொல்லல.”

ரம்லத் சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

“ஏன்?” என்றான் மைதீன்.

“உன்னப் பாக்க எனக்குப் பொறுக்கல.”

மைதீன் சுவரைப் பிடித்து எழுந்து, ஊறப்போட்டிருந்த எலும்பில் ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்தான். இருவரும் கிளப்புக்குப் போனார்கள்; அங்கே அவன் கடைந்தான், இருதயம் முளைக்கு அரம் போட்டார். வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும்தான் நடந்தது. சாயங்காலம் கேப்டன் கோலை வாங்கித் தடவி, இருதயத்தின் தோளில் தட்டி, “பாகுஸ்” என்றான். கடைந்தது மைதீன் என்று இருதயம் சொல்லவில்லை. மைதீன் லேத்துக்கடியில் கிடந்த எலும்புத் தூளைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

சில மாதத்தில் மைதீன் கிளப்பை விட்டுக் கிள்ளானுக்குப் போனான். 1945 கடைசியில் திரும்பி வந்த வெள்ளைக்காரச் செயலாளர் இருதயத்தைக் கூப்பிட்டனுப்பி, கோல்களைப் பார்க்கச் சொன்னார். இருதயம் ரயில்வே வேலைக்குத் திரும்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்திருக்கலாம்.

“கிள்ளான்ல மைதீன்னு ஒருத்தன் இருக்கான், சார். எலும்பு வேலைல என்னவிடக் கெட்டிக்காரன்” என்றார்.

மைதீன் வந்து வேலையில் சேர்ந்தான். இருதயம் பூசைக்குப் போக அந்தக் கிளப் வழிதான் கிட்டம். ஆனாலும் அவர் ஆற்றோரமாய்ச் சுற்றிக்கொண்டுதான் போனார்.