பொட்டு நிற்காத நெற்றி

எங்கள் அப்பா நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு பாளையங்கோட்டைத் தெருவில் இறங்கினால் முகம் பளபளவென்று மின்னும். பார்க்கிறவர்கள் அதைக் களை என்பார்கள். சிவப்பழம் என்று கையெடுத்துக் கும்பிட்டவர்களும் உண்டு. வெயில் ஏறினால் தோள் துண்டால் நெற்றியையும் மூக்கையும் அழுத்தித் துடைப்பார். சற்று நேரத்தில் அந்தக் களை மறுபடி வந்துவிடும்.

அக்காவின் முகமும் மின்னியது. அதற்கு வீட்டில் வேறு பெயர். "ஏட்டி, மூஞ்சில எண்ணெ வடியுது, போய்க் கழுவு" என்ற அம்மாவின் குரலில்தான் எனக்குப் பொழுது விடியும். கடலை மாவு, எலுமிச்சைச் சாறு, பருவுக்குப் பற்பசை என்று அக்கா முகத்தில் ஏறாத பொருள் கிடையாது. பரு இன்னும் சிவந்ததே தவிர எண்ணெய் குறையவில்லை.

நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது ஏரலிலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணத்துக்குப் பிறகு அக்கா பி.எட். படிக்கட்டும் என்று அவரே சொல்லியிருந்தார். படிக்க வேண்டும் என்று வீட்டில் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருந்த அக்கா, வாட்ஸாப்பில் வந்த அவர் படத்தை எனக்குத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது என்பது எனக்கே தெரிந்தது.

பெண் பார்க்க வந்த அன்று அம்மா அவளை ஓயாமல் முகம் கழுவ வைத்தாள். கடைசியாகக் கொடுத்தது பாத்திரம் தேய்க்கிற சோப்பு. எண்ணெய்ப் பிசுக்கு அதற்குத்தானே போகும் என்பது அம்மாவின் நியாயம். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு தேய்த்தாள். தோல் செக்கச்செவேலென்று எரிந்தது. அதன்மேல் பவுடரை அப்பி, பெரிய ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி அனுப்பினார்கள்.

கூடத்துக்கு வருவதற்குள் பவுடர் திட்டுத் திட்டாகிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா முதலில் பார்த்தது அப்பாவைத்தான்.

"அண்ணாச்சி மொகத்துல என்ன ஒரு களை."

அப்பா அடக்கமாகச் சிரித்தார். அக்கா அந்த அம்மாளை விழுந்து கும்பிட்டாள். எழுந்தபோது அவள் நெற்றியில் பொட்டு இல்லை. தரையில், அந்த அம்மாளின் கால்விரலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

வந்தவர்கள் கேசரியைப் பாதி வைத்துவிட்டு எழுந்தார்கள். சாயங்காலம் தரகர் போனில் அழைத்தார். "பொட்டு நிக்காத நெத்தியாம் அண்ணாச்சி. மாப்பிள வீட்ல பயப்படுதாவ" என்றார். பொட்டு விழுந்தால் கட்டிக்கிறவனுக்கு ஆகாதாம். எண்ணெய் முகத்தில் பசை ஒட்டவில்லை என்பதற்காக ஒரு ஆண்பிள்ளையின் ஆயுளே குறைந்துபோகும் என்று படித்தவர்கள் நம்பினார்கள்.

அக்கா இப்போது சாத்தான்குளத்தில் இருக்கிறாள். பி.எட். படிக்கவில்லை. கன்னத்தில் பருவைத் தேய்த்துத் தேய்த்து வந்த தழும்புகள் அப்படியே இருக்கின்றன. வாசலில் ஆள் சத்தம் கேட்டால் முதலில் போய் முகம் கழுவிவிட்டுத்தான் கதவைத் திறக்கிறாள்.

எனக்கும் அதே முகம்தான். போன மாதம் தோல் டாக்டரிடம் போனேன். இது நோயில்லை என்றார். காலையும் மாலையும் காரமில்லாத ஃபேஸ்வாஷால் மெதுவாகக் கழுவினால் போதும், எண்ணெய் சேராத கிரீம் போட்டுக்கொள்ளலாம், தேய்த்தால் தோல்தான் புண்ணாகும், எண்ணெய் நிற்காது என்றார். பிறகு, "இது பரம்பரையா வாரதும்மா. வீட்ல யாருக்கு இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"அப்பாவுக்கு" என்றேன். சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

அக்காவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "இப்ப எதுக்குட்டி அது" என்று வைத்துவிட்டாள்.

பெண் பார்த்துவிட்டுப் போன அன்றைக்கு, தரகர் போனில் பேசி முடித்ததும், அக்கா சுவரோரம் அழுதுகொண்டு நின்றாள். "இன்னும் நல்லாத் தேச்சுக் கழுவியிருக்கலாம்லாட்டி" என்றார் அப்பா. தோள் துண்டை எடுத்துத் தன் நெற்றியையும் மூக்கையும் அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு அதே துண்டை அவளிடம் நீட்டி, மூஞ்சியைத் துடைத்துக்கொள்ளச் சொன்னார். அப்பாவுக்கு அக்கா மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.