விளக்கெண்ணெய்ச் சீசா

சேலத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கதவு வைத்த கக்கூசு இருந்தது. கல்யாணமாகிப் பாகலூர் வந்த மறுநாள் விடியலில், மாமியாரும் அக்கம்பக்கத்துப் பெண்களும் என்னையும் கூட்டிக்கொண்டு ஏரிப்பக்கத்துப் புதர்களுக்குப் போனார்கள். தெலுங்கில் ஊர்க்கதை பேசியபடியே உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு உடம்பு இறுகிப்போயிற்று. சும்மா உட்கார்ந்து எழுந்து திரும்பினேன். அதன் பிறகு தினமும் அப்படித்தான்.

வயிறு கல்லாயிற்று. களியைப் பார்த்தாலே குமட்டியது. ஒருநாள் கிணற்றடியில் வாந்தியெடுத்தேன். அந்த மாதம் குளிக்கவும் இல்லை. மாமியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, தெருவெல்லாம் சொல்லிவிட்டார். யாரோ புளியங்காய்கூடப் பறித்து வந்து கொடுத்தார்கள். இல்லையென்று சொன்னால், பின்னே என்ன என்று கேட்பார்களே? அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

மாமியார் என்னை ஓசூர் தர்மாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நர்சம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தாள்.

"வெளிக்குப் போயி எத்தினி நாளாச்சு?"

அழுதுவிட்டேன். அவள் கதவைத் திறந்து, வெளியே பெஞ்சில் இருந்த மாமியாரிடம் உரக்கச் சொன்னாள்: "கொழந்தையும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. மலம் கட்டியிருக்குது. வெளக்கெண்ண தரேன், காலையில வெறும் வயித்துல குடுங்க."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தமிழ் புரியாத ஒருத்திக்குப் பக்கத்தில் இருந்தவள் கன்னடத்தில் விளக்கினாள். அவளும் சிரித்தாள்.

பஸ்ஸில் மாமியார் சீசாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது கேட்டார்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல? ஊரெல்லாம் சொல்லிட்டு நிக்கறனே."

மறுநாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எண்ணெயைக் குடித்தேன். மாமியார் மற்ற பெண்களை முன்னே அனுப்பிவிட்டு, என்னை எங்கள் துவரைக் காட்டுக்குக் கூட்டிப்போனார். "நீ உள்ள போ. யாரும் வராம நான் பாத்துக்கறேன்" என்று முதுகைத் திருப்பிக்கொண்டு வரப்பில் நின்றார். வயிறு இளகியது. பேரப்பிள்ளைக்கு ஆசைப்பட்டவரை இதற்குக் காவல் நிற்க வைத்துவிட்டேனே என்று செடிகளுக்கு நடுவே குறுகிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

ஊருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே. கரு கலைந்துவிட்டது என்று மாமியார் சொல்லிவிட்டார்.

அன்று மாலையே பெண்கள் வந்தார்கள். ஒருத்தி பூண்டுக் குழம்பு கொண்டுவந்தாள். இன்னொருத்தி என் தலையைத் தடவி, தனக்கு முதல் பிள்ளை தங்காததைச் சொல்லி அழுதாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல், அந்தக் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டேன்.