பெயர் தெரியாத ஒரு கால்வாய்க்கரை வீடு

அடுத்த வாரம் மனைவியோடு பிரான்சின் கிராமப்புறத்துக்குப் போகிறேன். கோட்டைகள், காடு, கால்வாயில் படகு என்று ஐந்து நாள்.

இன்று காலை லண்டனில் ஹரோ போகும் ரயிலில் அந்த இடங்களின் படங்களை போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா எட்டிப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும்.

"தம்பி, அகதியா வரேக்க இப்பிடி ஒரு கால்வாய்க் கரையாலதான் நடந்து வந்தனாங்கள். என்ர சப்பாத்துப் பிஞ்சு போச்சு. கரையில இருந்த வீட்டு மனுசி தன்ர சப்பாத்தைக் கழட்டித் தந்தவ."

"எந்த ஊர் அக்கா அது?"

"தெரியாது. பின்னால காடு, மேட்டில ஒரு கோட்டை. அவவைக் கண்டா, நான் நல்லா இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ. அண்டைக்கு நன்றி சொல்ல எனக்கு அவவின்ர பாஷை தெரியேல்லை."

நான் பார்த்த எல்லாப் படத்திலும் கரையில் வீடு, பின்னால் காடு, மேட்டில் கோட்டை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

"சரிக்கா, சொல்றேன்" என்றேன்.

என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு இறங்கிப் போய்விட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

மனைவியிடம் சொன்னேன். "எல்லா வீட்டுக் கதவையும் தட்டப் போறீங்களா?" என்றாள்.

"அவர் நன்றாக இருக்கிறார்" என்பதை பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். முதல் வீட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.