டி.எம். கருப்பன் யார்?

போன ஞாயிற்றுக்கிழமை காலை. காபியை ஆற்றி வாய்க்குக் கொண்டுபோகும் நேரம், மாடியிலிருந்து தேன்மொழி லேப்டாப்போடு இறங்கி வந்தாள். முகத்தைப் பார்த்ததும் காபியை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

தேன்மொழி எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டு மாடியில் குடியிருப்பவள். சொந்த ஊர் மண்ணச்சநல்லூர். கணவர் சரவணனுக்கு ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. இவள் பிஎச்.டி. செய்கிறாள். நெல்லை எந்தச் சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்தால் அரிசி உடையாமல் வரும் என்பதுதான் ஆராய்ச்சி. ரைஸ் மில் ஊரில் பிறந்தவள் வேறு எதை ஆராய்வாள்?

அவளுடைய கட்டுரை ஒரு வெளிநாட்டு ஜர்னலுக்குப் போயிருந்தது. 'ஏற்றுக்கொண்டோம்' என்று அவர்கள் ஒரு வரி எழுதினால்தான் இந்த மாதம் தீசிஸைக் கொடுக்க முடியும். ஆனால் வந்த மெயில் வேறு மாதிரி. புதன்கிழமைக்குள் திருத்தி அனுப்பு... தவறினால் புதுக் கட்டுரையாக மறுபடி வரிசையில் நில். அதாவது, இன்னொரு வருடம் போனாலும் போகும்.

திருத்த வேண்டியவை இரண்டு. முதலாவது, கட்டுரைக் கடைசியில் வரும் ரெஃபரன்ஸ் பட்டியல் அவர்கள் கேட்கும் பாணியில் இல்லை. அதற்குத்தான் என்னிடம் வந்தாள். கல்யாணப் பத்திரிகையில்கூட கமா தேடுகிறவள் என்று எனக்குத் தெருவில் ஒரு பெயர் உண்டு. பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்?

உட்கார்ந்தோம். அந்த ஜர்னலின் பாணி இதுதான் — குடும்பப் பெயர் முதலில், பிறகு கமா, பிறகு இனிஷியல், பிறகு புள்ளி. கமாவும் புள்ளியும் பிரச்சினையில்லை. குடும்பப் பெயருக்கு எங்கே போவது?

கே. ராஜேந்திரன் என்று ஒருவர் இருந்தால், நமக்கு ஆள் ராஜேந்திரன், கே. என்பது அவருடைய அப்பா. உலகத்துக்கு இது புரிவதில்லை. இனிஷியலை விரித்துப் பின்னால் எழுதச் சொல்லி, கடைசியாக நிற்பவர் யாரோ, அவரையே குடும்பப் பெயராக்கி முன்வரிசைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ஒருமுறை விமான நிலையத்தில் "கோவிந்தராஜன், கோவிந்தராஜன்" என்று விடாமல் கூப்பிட்டார்கள். யாரப்பா அந்தப் பொறுப்பில்லாத மனுஷன் என்று நானும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கூப்பிட்டது என்னைத்தான். கோவிந்தராஜன் என் அப்பா. ரயிலைத் தவிர எதிலும் ஏறாத மனிதர்.

இதைச் சொன்னதும் தேன்மொழி சிரித்தாள். ஆனால் சிரிப்பு நிலைக்கவில்லை, பாதியில் அழுகையாகிவிட்டது. அப்போதுதான் இரண்டாவது திருத்தம் வெளியே வந்தது.

கட்டுரையைப் பரிசீலித்தவர் காட்டமாக எழுதியிருந்தார். இதே பொருளில் 'கருப்பன், டி. எம்.' என்பவர் ஒரு கருத்தரங்கில் ஏற்கெனவே நல்ல அடித்தளம் போட்டிருக்கிறார். இந்த ஆசிரியருக்கு அவரைத் தெரிந்ததாகவே தெரியவில்லை. அவர் சொன்னதைவிட இதில் என்ன புதிது?

"நானும் ரெண்டு நாளாத் தேடிட்டேங்க்கா. டி.எம். கருப்பன்னு யாருமே இல்ல. டாக்டர் ஒருத்தர் வர்றாரு, வக்கீல் ஒருத்தர் வர்றாரு. நெல்லப் பத்தி எழுதுன கருப்பனக் காணோம். கைடுக்கும் தெரியல."

ஆளைப் பிடிக்காமல் பதில் எழுத முடியாது. பதில் எழுதாமல் கட்டுரை நகராது. நான் என் துப்பறியும் மூளையைக் கிளப்பினேன். டி. என்றால் ஊராக இருக்கும் — தொட்டியம்? எம். அப்பா — மாணிக்கம்? தொட்டியம் மாணிக்கம் கருப்பன். சொல்லும்போதே அரைக்கை சட்டையும் தடிக் கண்ணாடியுமாக ஒரு ரிட்டயர்டு புரொபசர் என் கண்முன் வந்து நின்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு படித்தவர், நெட்டில் ஒரு பக்கம் வைத்துக்கொள்ளக்கூடாதா?

சரி, பட்டியலையாவது முடிப்போம் என்று மறுபடி ஆரம்பித்தோம். அவளிடம் ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. பெயரை முழுசாக உள்ளே போட்டால், புரட்டித் திருப்பி ஜர்னல் பாணியில் கொடுத்துவிடும். அது நம் ஊர் ஆசிரியர்களைப் படுத்திய பாட்டைப் பார்த்து எனக்கு வேடிக்கையாகிவிட்டது. உன் பெயரைப் போட்டுப் பாரேன், உன்னை என்ன செய்கிறது என்று பார்ப்போம் என்றேன்.

"எதப் போடறது? கட்டுரையில சரவணன் பேரோட சேத்துப் போட்டிருக்கேன். சர்டிஃபிகேட்ல அப்பா பேரு."

சர்டிஃபிகேட்டில் இருப்பதையே போடச் சொன்னேன். 'தேன்மொழி முத்து கருப்பன்' என்று அடித்தாள். அவள் அப்பா பெயர் முத்துக்கருப்பன். மண்ணச்சநல்லூரில் ரைஸ் மில் மேஸ்திரி. ஸ்கூலில் யாரோ டைப் அடித்தபோது முத்துவுக்கும் கருப்பனுக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்து, அதுவே காலேஜ்வரை கூட வந்துவிட்டது.

என்டர் தட்டினாள். சாஃப்ட்வேர் புரட்டியது.

கருப்பன், டி. எம்.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். டி. — தேன்மொழி. எம். — முத்து. தொட்டியத்துப் புரொபசர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

கல்யாணத்துக்கு முன்னால், சர்டிஃபிகேட் பெயரில், இதே பொருளில் ஒரு கருத்தரங்கில் அவள் கட்டுரை வாசித்திருக்கிறாள். அதை ஏன் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை என்று கேட்டேன்.

"நம்மள நாமே போட்டுக்கிட்டா நல்லாவா இருக்கும்? தற்பெரும மாதிரி ஆயிடாது?"

இதற்கு என்ன சொல்வீர்கள்? அடக்கம் காரணமாகத் தன்னை விட்டுவிட்டாள். தன்னைத் தனக்குத் தெரியவில்லை என்று திட்டு வாங்கினாள். இனிஷியலை நாம் ஓர் எழுத்தாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது மறந்தே போகிறது.

அன்று மத்தியானமே பதில் எழுதினோம். கருப்பன் நான்தான், முதலில் ஊறவைக்கும் சூட்டைப் பார்த்தேன், இப்போது நேரத்தையும் சேர்த்துப் பார்த்திருக்கிறேன், இதுதான் புதிது. சுருக்கமாக, கமா பிசகாமல்.

இன்னும் ஒன்று பாக்கி. ஒரே ஆள் இரண்டு பெயரில் எழுதினால் மறுபடி இதே கூத்துதானே? சரவணனா, கருப்பனா? ஷிப்ட் முடிந்து வந்த சரவணனிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"மாமா பேரே இருக்கட்டும். அவருக்கு ஏற்கெனவே ஒரு கட்டுரை இருக்கு. நான் ஃப்ரெஷர்."

அந்தப் பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கட்டுரையிலும் பெயரை அப்படியே மாற்றி, பதிலோடு அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் அப்பாவுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். வெளிநாட்டில் ஒரு பெரிய மனிதர், உங்களைப் படிக்கவில்லை என்று என்னைத் திட்டியிருக்கிறார் என்று கதை முழுவதையும் சொன்னாள். மறுமுனையிலிருந்து அப்பா கேட்டார்.

"கருப்பன் சரிம்மா. முத்து எங்க போச்சு?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எம்.மில் இருக்கிறது என்று நான்தான் எட்டிச் சொன்னேன். சரி, புள்ளி வைத்தார்களா என்று அவர் கேட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மெயில் வந்தது. ஏற்றுக்கொண்டார்கள். தேன்மொழி தீசிஸை பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டாள். மாடியிலிருந்து ஒரு டப்பா கேசரி வந்தது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அந்த மெயிலை அப்பாவுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். 'மதிப்புக்குரிய புரொபசர் கருப்பன்' என்று தொடங்குகிறது. மில்லில் இப்போது எல்லோரும் அவரைப் புரொபசர் என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.

அவர் தரப்பிலிருந்து இதுவரை திருத்தம் எதுவும் வரவில்லை.