அட்டைக்கடிக்கு வந்த புது டிரம்மர்

இலங்கை மலையகத்துக் கந்தப்பளையில் ‘அட்டைக்கடி’ என்ற, கத்திப் பாடும் ஹார்ட்கோர் பங்க் இசைக்குழு இருபது வருடமாக இருக்கிறது. இருக்கிறது என்றால், பாடகர் மரியதாசன் இருக்கிறார். கிட்டார்காரர் கட்டாருக்கும், பேஸ்காரர் கொழும்பு நகைக்கடைக்கும், டிரம்மர்கள் வரிசையாகக் கல்யாணத்துக்கும் போய்விட்டார்கள். இம்முறையும் ஆள் நிலைக்காவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவது என்றிருந்தபோதுதான், சாவு வீடுகளில் தப்படிக்கும் யோகராஜ் டிரம் வாசிக்க வந்தார்.

ஒத்திகையில் அடி பிய்த்து உதறியது. மரியதாசன் தொண்டை கிழியக் கத்தத் தொடங்கியதும் சட்டென்று நின்றது.

“ஏண்ணே நிறுத்துனீங்க?”

“நீங்க அழுவுறீங்களே தம்பி. ஒப்பாரி வைக்கிறப்ப நாங்க அடிக்க மாட்டோம்.”

“அண்ணே, இது பாட்டு!”

“சரி, கோவப்படாதீங்க. செத்தது யாரு?”

மரியதாசன் வெறும் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

“யாரும் சாகலண்ணே. விட்டுட்டுப் போனவங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. நீங்க நிறுத்தாம அடிங்க.”